ஜாரின் மகள்கள்

ருஷ்ய அரசகுலப் பெண்களின் பட்டங்கள் யாவும் கணவன் பட்டத்தில் ஒட்டிய வால்தான் என்று சொல்வது வாடிக்கையாகிவிட்டது. ஜாருக்கு ஜாரித்ஸா, இளவரசனான க்னியாஸுக்கு க்னியாகின்யா. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லையாம். இரண்டாம் காத்தரீனைப் பற்றி வந்து குவியும் தொடர்களும் வாழ்க்கை வரலாறுகளும் இந்த எண்ணத்துக்குத்தான் தீனி போடுகின்றன. மருமகளாக வந்தாள், பேரரசியானாள், கதை முடிந்தது. மகள்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

டால்ஸ்டாயை வாசித்தவர்கள் இப்படிப் பேசுவதுதான் வியப்பு. 'போரும் வாழ்வும்' நாவலில் ஆந்திரேயின் மனைவி லிசா க்னியாகின்யா. தங்கை மாரியாவோ க்னியாஷ்னா. ஒன்று தாலியால் வந்தது, மற்றது பிறப்பால். நமக்கு இருவருமே இளவரசிகள். 'அன்னா கரீனினா'வில் க்னியாஷ்னாவான கிட்டி, பட்டமில்லாத லெவினைக் கட்டிக்கொண்டதும் அந்தப் பட்டம் போய்விடுகிறது.

பழங்கதையை வேகமாகக் கடந்துவிடலாம். க்னியாஸ் ஜெர்மானிய மொழிகளில் அரசனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 945இல் கணவன் கொல்லப்பட்டபின் சிறுவனான மகனுக்காகக் கீவை ஆண்ட ஓல்கா க்னியாகின்யாதான். சீசரின் பெயர் தேய்ந்து ஜார் ஆயிற்று. 1547இல் நான்காம் இவான் ஜாராக முடிசூடி, சில வாரங்களில் அனஸ்தாசியா ரொமானோவ்னாவை மணந்தபோது மாஸ்கோவுக்கு முதல் ஜாரித்ஸா கிடைத்தாள். நாம் தாராளமாகப் புழங்கும் 'ஜாரினா' ருஷ்யர்களின் சொல்லே அல்ல, மேற்கு ஐரோப்பியர் செய்துகொண்டது.

ஜாரின் மகள் ஜாரெவ்னா. பெத்ரோவ்னா, இவானோவ்னா என்று தந்தைவழிப் பெயர்களில் வரும் அதே விகுதிதான் இதிலும் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பட்டம் ஒரு சாபம். உள்நாட்டுப் பிரபுக்கள் ஜாரின் குடிகள், தகுதியில் தாழ்ந்தவர்கள். அயல்நாட்டு இளவரசர்கள் வேற்றுச் சபையார். ஆகவே ஜார் அலெக்சேயின் மகள்களில் ஒருத்திக்கும் திருமணம் நடக்கவில்லை. தெரெம் எனப்பட்ட அந்தப்புரமும் பிரார்த்தனையுமே அவர்களுக்கு விதிக்கப்பட்டவை.

அந்த அந்தப்புரத்திலிருந்துதான் அலெக்சேயின் மகள் சோஃபியா வெளியே வந்தாள். 1682இல் தம்பியர் இவான், பீட்டர் இருவருக்கும் சேர்த்து முடிசூட்டப்பட, ஆட்சி அவள் கைக்கு வந்தது. 1686இல் போலந்துடன் நிலையான சமாதானம். அதையொட்டி, தம்பியரோடு தன்னையும் சர்வாதிகாரி என்று அரசாணைகளில் எழுதவைத்தாள். போர்ப்பரிசாக வழங்கிய பொற்காசுகளின் மறுபக்கத்தில் அவள் உருவம் இருந்தது. கிரீமியப் படையெடுப்புகள் இரண்டும் தோற்றன, மறைப்பதற்கில்லை. ஆனால் கணவன் பட்டத்தின் நிழலே படாமல், பிறப்பால் வந்த பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏழாண்டுகள் ருஷ்யாவை நடத்தியவள் அவள். 1689இல் பீட்டர் அவளை நோவோதேவிச்சி மடத்தில் அடைத்தார். ரேபின் வரைந்த ஓவியத்தில் முறைத்து நிற்கும் சோஃபியாவைத்தான் உலகத்துக்குத் தெரியும். ஆண்ட சோஃபியாவை அல்ல.

1721இல் இம்பெராத்தோர், அதாவது பேரரசர், ஆன அதே பீட்டர், தன் மகள்களைச் செசரெவ்னா என்று உயர்த்தியது வேடிக்கைதான். அவர்களுள் ஒருத்தியான எலிசவேத்தா 1741இல் காவற்படையின் தோளேறி அரியணையைப் பிடித்தாள். இரு காத்தரீன்களும் மனைவியராக வந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் அன்னா இவானோவ்னாவும் எலிசவேத்தாவும் ஜார்களின் மகள்கள் என்பதாலேயே அரியணைக்குத் தகுதி பெற்றார்கள். பெண்கள் ஆண்ட அந்த நூற்றாண்டுக் கணக்கில் இதைச் சேர்ப்பவர்கள் குறைவு.

தாய் இரண்டாம் காத்தரீனை வெறுத்த பேரரசர் பாவெல் 1797இல் அந்தக் கதவைச் சாத்தினார். ஆண்வழி முழுதும் அற்றுப்போனால்தான் பெண்ணுக்கு அரியணை என்று சட்டம் செய்தார். செசரெவ்னா பட்டமும் மகளிடமிருந்து பறிபோய், வாரிசின் மனைவிக்கு உரியதாயிற்று. பேரரசரின் மகளுக்கு எஞ்சியது வெலீகயா க்னியாஷ்னா என்ற அலங்காரம் மட்டுமே. பட்டங்களைக் கணவனின் வாலாக்கியது இந்தப் பாவெலின் சட்டம். ருஷ்ய மரபின் மீது அந்தப் பழியைப் போடுவது அறியாமை.

அந்தச் சட்டம் 1917 வரை நீடித்தது. இரண்டாம் நிக்கோலாஸுக்கு 1895 முதல் 1901 வரை நான்கு மகள்கள் பிறந்தார்கள். நால்வரில் ஒருத்தியும் வாரிசாகவில்லை. 1904இல் பிறந்த, இரத்தம் உறையாத நோய்கொண்ட மகனே வாரிசானான்.