ஒலிநாடாவின் இரு பக்கங்கள்

சென்ற நூற்றாண்டின் ஏதேனும் ஒரு பத்தாண்டை எடுத்துக்கொண்டு அதன் இசையையும் பண்பாட்டையும் பேசும் இணைய ஒலித்தொடர்கள் (பாட்காஸ்ட்) இன்று பெருகியுள்ளன. எகிப்தின் 1970களைப் பற்றிய சிலவற்றை அண்மையில் கேட்டு மகிழ்ந்தோம். தனித்தனியே அவற்றின் தரத்தை எடைபோடுவது இங்கு நம் நோக்கமன்று. அவை எதைக் கேட்கச் செய்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதே நம் வினா.

நூலால் இயலாத ஒன்றை இத்தொடர்கள் செய்கின்றன. உம்மு குல்தூமின் கச்சேரிகளில் ஓர் அடி முடிந்ததும் அரங்கிலிருந்து எழும் ‘அல்லாஹ்!’ என்னும் குரலை நாமே கேட்கிறோம். ஆயினும் ஒரு மணி நேரம் நீளும் பாடலை அரை நிமிடத் துணுக்காக நறுக்கியதும், ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக் கேட்போரை ‘தரப்’ என்னும் உருக்கத்திற்குக் கொண்டுசெல்லும் அக்கலையின் உயிர்நாடி அறுந்துவிடுகிறது. இது சிறு குறையன்று.

அதனினும் பெரிய குறை வேறு. அப்பத்தாண்டை உருவாக்கிய கருவி ஒலிநாடா. வளைகுடாவிலும் லிபியாவிலும் உழைத்துத் திரும்பிய எகிப்தியர் டேப்ரிக்கார்டரோடு வந்திறங்கினர். நம் ஊரார்க்கும் இக்காட்சி புதிதன்று. வானொலி ஒதுக்கிய ஷைகு இமாம் ஈஸாவின் குரல் அந்நாடாக்களில்தான் பரவியது. அஹ்மத் ஃபுஆத் நஜ்மின் கவிதைகளுக்கு இசையமைத்துப் பாடிய அவர், திருக்குர்ஆனை மனனம் செய்த பார்வையற்றவர். ஷைகு முஹம்மத் ரிஃபஅத்தின் கிராஅத்தை வானொலியில் கேட்டார் என்பதற்காக, வானொலியைப் பித்அத் எனக் கருதிய ஒரு மார்க்க அமைப்பிலிருந்து இளமையில் வெளியேற்றப்பட்டவர். ஒலித்தொடர்கள் அவரை விரும்பிப் பேசுகின்றன. புரட்சிப் பாடகர் என்னும் சட்டகத்தில் அவர் எளிதாகப் பொருந்திவிடுகிறார்.

அதே ஆண்டுகளில், அதே கெய்ரோவில், அதே ஒலிநாடாவில் ஒலித்த மற்றொரு பார்வையற்றவர் ஷைகு அப்துல் ஹமீத் கிஷ்க். ஐனுல் ஹயாத் பள்ளிவாசலில் அவர் நிகழ்த்திய குத்பாக்கள் நாடாக்களாக அரபுலகெங்கும் சென்றன. நாசிர், சாதாத் என இரு ஆட்சிகளிலும் இவ்விருவரும் சிறை கண்டவர்கள். கிஷ்க் உம்மு குல்தூமைக் கடிந்து பேசியவர் என்பது உண்மையே. அதனாலேயே இசை வரலாற்றில் அவருக்கு இடமில்லை என்றால், அக்காலத்துச் செவியை நாம் அறிவது எவ்வாறு? டாக்ஸி ஓட்டுநரின் பெட்டியில் பாடலும் குத்பாவும் அடுத்தடுத்துக் கிடந்தன. உம்மு குல்தூமின் குரலே இமாமாக இருந்த தந்தையிடம் பயின்ற மார்க்கப் பாடல்களில் பழகியது. கிராஅத்தை இசை எனக் கூற நாம் முன்வரவில்லை. கேட்ட செவி ஒன்று என்கிறோம்.

குத்பா நாடாக்களைச் செவிமடுக்கும் பண்பை ஆராயும் சார்லஸ் ஹிர்ஷ்கைண்டின் நூல் 2006இலும், எகிப்தின் ஒலிநாடாப் பண்பாட்டை ஆராயும் ஆண்ட்ரூ சைமனின் நூல் 2022இலும் வெளிவந்துள்ளன. இவ்விரண்டையும் ஒருசேரப் படித்த ஒருவர் தொடர் ஒன்றைத் தொகுப்பாராயின், அரை நிமிடத் துணுக்குகளையும் நாம் பொறுத்துக்கொள்வோம்.