பச்சை வயரின் கணக்கு

1761-இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தியது. மரத்தைக் குடையும் புழு அண்டக்கூடாது என்பது நோக்கம். இரண்டு ஆண்டு கழித்துச் சோதித்தபோது செம்பு திடமாக இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள்தாம் அரித்துப் போயிருந்தன. எல்லா ஆணிகளும் அல்ல. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் இரும்புக்கும் செம்புக்கும் நடுவே தங்கிவிட்ட இடங்களில் ஆணிக்கு ஒன்றும் ஆகவில்லை. வோல்ட்டாவின் மின்கலம் வெளிவந்தது 1800-இல். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு கடல்நீரில் கிடந்தால் அதுவே ஒரு மின்கலம் என்பது அலாரத்தைச் சோதித்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இன்று ஒரு பத்து மீட்டர் ஃபைபர் கிளாஸ் யாட்டின் தரைப்பலகையைத் தூக்கினால், எஞ்சினிலிருந்தும் வால்வுகளிலிருந்தும், உலோகங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பச்சை வயர்கள் ஓடுவதைப் பார்க்கலாம். அந்த வேலையை ரசிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: அதைச் செய்தவர் எதைச் சேர்க்காமல் விட்டார், ஏன் விட்டார்?

சேர்ப்பதன் நியாயம் எளிது. வெண்கலப் புரொப்பல்லரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாஃப்டும் உப்புநீரில் மூழ்கியே கிடக்கின்றன. வெள்ளிக் குளோரைடு மின்முனையை ஒப்பாக வைத்து அளந்தால் துத்தநாகம் ஏறத்தாழ மைனஸ் 1.03 வோல்ட்; வெண்கலம் மைனஸ் 0.3-ஐ ஒட்டி நிற்கும். இந்த வித்தியாசத்தால்தான் ஆனோடு எனும் துத்தநாகக் கட்டி, தான் கரைந்து மற்றதைக் காக்கிறது. ஓர் ஆம்பியர் ஓர் ஆண்டு முழுக்க ஓடினால் சுமார் 10.7 கிலோ துத்தநாகம் கரையும். ஒரு கிலோ கட்டி ஓர் ஆண்டு தாங்குகிறது என்றால் ஓடுவது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு மெல்லிய ஓட்டத்தை உந்துவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான விசை. வயர் முனையில் பச்சை பூத்த ஒரு லக், பெயின்ட்டின் மேலேயே முறுக்கிய ஒரு போல்ட், இவை போதும் அதை நிறுத்த. எஞ்சினுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே அதிர்வைத் தாங்க ரப்பர் கப்ளிங் இருக்கும். ஆனோடு வயரை எஞ்சினோடு நிறுத்திக்கொண்டால் அந்த ரப்பரைத் தாண்டி ஷாஃப்டுக்குப் பாதுகாப்பு போய்ச் சேராது. கப்ளிங்கின் குறுக்கே ஒரு செப்புப் பட்டை போட்டிருப்பதையோ, ஷாஃப்டின் மேல் ஒரு கார்பன் பிரஷ் உரசுவதையோ கண்டால், செய்தவர் மின்னோட்டம் போகும் வழியை மனத்தில் நடந்தே பார்த்திருக்கிறார் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் என்ன? அமெரிக்காவில் நெடுநாளாக உள்ள வழக்கம் அதுதான்; அடிப்பாகத்தில் துளையிட்டுப் பொருத்திய ஒவ்வொரு வால்வும் பச்சை வயரில் சேரும். பிரிட்டனில் பலர் அவற்றைத் தனியே விடுகிறார்கள். என் மனம் பிரிட்டன் பக்கம். ரப்பர் குழாய் மட்டுமே மாட்டிய ஒரு நல்ல வெண்கல வால்வுக்கு மின்கலம் அமைக்கத் துணை உலோகம் கிடையாது. நாமாக ஒரு வயரைக் கொடுத்துத் துணை தேடித் தருவானேன்? மரீனா நீரில் கசிவு மின்சாரம் இருந்தால் படகின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே சிறு மின்னழுத்தம் நிற்கும். வயர் இருந்தால் மின்சாரம் ஒரு வால்வில் ஏறி இன்னொன்றில் இறங்கும். இறங்குமிடத்தில் உலோகம் கரையும். மரப்படகில் கேடு வேறு விதம்: ஆனோடு அளவுக்கு மீறிக் காத்தால் வெண்கலத்தைச் சுற்றிக் காரம் ஊறி மரத்தை நார்நாராக்கிவிடும். மிகையான காப்பின் விலையை வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1824-லேயே கண்டார். கப்பலின் செம்பில் இரும்பையும் துத்தநாகத்தையும் பொருத்தியதும் செம்பு கரைவது நின்றது. கரையும் செம்புதான் பாசிக்கும் சிப்பிக்கும் நஞ்சு என்பதால், அவை கப்பலடியில் மண்டின.

வால்வுகளைத் தனியே விடுவதை மின்னலைக் காட்டி மறுப்பவர்களுக்கு வலுவான நியாயம் உண்டு. 1831-இல் பீகிள் கப்பலுக்கு ஸ்நோ ஹாரிஸ் வடிவமைத்த மின்னல் கடத்திகள் போட்டார்கள். பாய்மரத்தில் பதித்த செப்புப் பட்டைகள் அடிப்பாகத்துச் செம்பு வரை இறங்கின. யாட்டிலும் பாய்மரத்திலிருந்து கீலுக்கோ எர்த் தகட்டுக்கோ தடித்த, வளைவில்லாத வழி வேண்டும். அருகிலுள்ள பெரிய உலோகங்களையும் அதில் சேர்க்கத்தான் வேண்டும், இல்லையேல் மின்னல் பக்கவாட்டில் தாவும். அதற்காக மூலையில் கிடக்கும் ஒவ்வொரு வால்வையும் இழுத்துவர வேண்டியதில்லை.

பிரிப்பதே நல்லது என்று மேலே சொன்னதைப் புரிந்துகொண்டு கரை மின்சாரத்தின் எர்த் வயரையே வெட்டிவிடுவோர் உண்டு. மரீனாவில் பிளக்கைச் செருகியதும் அந்த எர்த் வழியே எல்லாப் படகுகளும் ஒன்றாகின்றன. நம் துத்தநாகம் அடுத்தவரின் இரும்புப் படகைக் காக்கத் தொடங்குகிறது. அது உண்மையே. ஆனால் எர்த் இல்லாத படகில் 230 வோல்ட் கசிந்தால் புரொப்பல்லர் வரை உயிர் மின்சாரம் நிற்கும். பக்கத்தில், குறிப்பாக நன்னீரில், நீந்துபவர் இறந்துபோகலாம். துத்தநாகத்தை மிச்சப்படுத்த அந்த விலையைக் கொடுக்க எந்த நியாயமும் இல்லை. விடை, அந்த எர்த் வயரின் நடுவே பொருத்தும் கால்வானிக் ஐசொலேட்டரில் இருக்கிறது. திசைக்கு இரண்டாக நான்கு டயோடுகள், சுமார் 1.2 வோல்ட் வரை எதுவும் கடக்காது, அதற்கு மேல் கதவு திறந்துவிடும். கடல்நீரில் படகு உலோகங்களுக்குள் எழும் வித்தியாசம் பொதுவாக ஒரு வோல்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது வாசலிலேயே நின்றுவிடும். பழுதால் பாயும் மின்சாரம் தங்குதடையின்றிக் கரைக்குப் போய் பிரேக்கரை விழவைக்கும். அரிப்பைத் தடுத்து ஆபத்துக்கு வழிவிடும் அளவில் இயற்கையே ஓர் இடைவெளி விட்டிருக்க, அதற்குள் இந்தச் சிறு பெட்டியைப் பொருத்திய மூளையை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு குறைவதில்லை.

சரியாகச் செய்திருக்கிறதா என்பது பளபளக்கும் செம்பைப் பார்த்துத் தெரியாது. வெள்ளிக் குளோரைடு மின்முனையை நீரில் இறக்கி, மல்ட்டிமீட்டரின் மறுமுனையைப் பச்சை வயரில் வைக்க வேண்டும். ஆனோடு இல்லாதபோது இருந்ததைவிடச் சுமார் 200 மில்லிவோல்ட் மைனஸ் பக்கம் நகர்ந்திருந்தால் காப்பு போதும். பிறகு கரை பிளக்கைச் செருகி அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். எண் அசையவில்லை என்றால் டயோடுகள் தடுத்துக்கொண்டிருக்கின்றன. அசைந்தால், பக்கத்துப் படகுக்கு நம் துத்தநாகம் போய்க்கொண்டிருக்கிறது.