இருபத்தைந்தில் நிற்கும் எண்

3608528850368400786036725. இந்த 25 இலக்க எண்ணை இடமிருந்து ஒவ்வோர் இலக்கமாகச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் 36, இரண்டால் வகுபடும். முதல் மூன்று 360, மூன்றால் வகுபடும். 3608 நான்கால், 36085 ஐந்தால், 360852 ஆறால். ஏழு எப்போதும் முரண்டு பிடிக்கும் எண். அதற்கும் 3608528 மீதியின்றி அடங்கிவிடுகிறது, ஈவு 515504. இப்படியே 25 வரை ஒரு படிகூடத் தவறுவதில்லை.

இது ஏன் அருமை? ஓர் எண்ணின் வலப்பக்கம் 0 முதல் 9 வரை எதையும் சேர்க்கலாம். அடுத்தடுத்த பத்து எண்கள் கிடைக்கும். பத்தாம் இலக்கம் வரை அவற்றில் ஒன்றாவது கட்டாயம் வகுபடும். பதினொன்றிலிருந்து அந்த உறுதி கிடையாது. பத்து இலக்கத்தில் இத்தகைய எண்கள் 2492 உண்டு, இருபதில் 44தான், இருபத்துநான்கில் மூன்றே மூன்று. இருபத்தைந்தில் இது ஒன்று மட்டும். இருபத்தாறில் எதுவுமே இல்லை.

யாரும் வடிவமைக்காத ஒழுங்கு இது. வகுத்தல் தெரிந்த எந்தப் பிள்ளையும் சரிபார்த்துவிடலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு தாளில் இந்த எண்ணை எழுதிக் கொடுங்கள். கணக்கின் ருசி அவர்களுக்குத் தானே பிடிபடும்.