மாண்டலினுக்கு ஒரு கையறுநிலை

2024 பிப்ரவரியில், இந்திய இசையையும் ஜாஸையும் கலக்கும் 'சக்தி' குழுவுக்கு கிராமி கிடைத்ததிலிருந்து ஒரு பேச்சு விடாமல் காதில் விழுகிறது: எழுபதுகளின் சக்திதான் சக்தி, பின்னால் வந்ததெல்லாம் அதன் பேரைச் சொல்லிப் பிழைத்தது. விருது பெற்ற 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தின் முதல் உருப்படியைக்கூடக் காது கொடுத்துக் கேட்காதவர்களின் பேச்சு இது. 'ஸ்ரீனிஸ் ட்ரீம்' என்ற அந்த உருப்படி, 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதில் மறைந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸுக்கானது.

இழவைப் பாடுவதில் நமக்குக் குறைவில்லை. சங்கக் கவிதையில் நெய்தல் திணைக்கு உரிப்பொருளே இரங்கல். ஆனால் சங்கப் பாணர்களின் உலகில் கையறுநிலை பெரும்பாலும் புரவலனுக்குத்தான். பின்னாளில் குருவுக்கும் வாக்கேயக்காரருக்கும் ஆராதனை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவனுக்கு? மாலை போட்ட படம், நாலு பேர் பேச்சு. ஜாஸ்காரர்கள் இதில் தாராளம். 1956இல் கிளிஃபோர்ட் பிரவுன் கார் விபத்தில் போனபோது பென்னி கோல்சன் அவருக்காக ஒரு மெட்டுக் கட்டினார். 1959 மார்ச்சில் லெஸ்டர் யங் இறந்தார். மே மாதமே சார்லஸ் மிங்கஸின் அஞ்சலி பதிவாகிவிட்டது. இரண்டையும் இன்றுவரை வாசிக்கிறார்கள்.

பழைய சக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் எல்லாம் சேர்ந்து மயக்கியது உண்மை. (முதல் ஆல்பத்தில் மிருதங்கம் வாசித்த ராம்நாட் ராகவனை அதன் பக்தர்களே மறந்துவிட்டார்கள்.) ஆனாலும் அது துரத்திப் பிடிக்கிற இசை. வேகம் கைதட்டலை வாங்கிவிடும், ராகத்தை வாங்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் குழு மறுபடி கூடி, ஸ்ரீநிவாஸ் உள்ளே வந்த பிறகுதான் கதை மாறியது. பாலகொல்லுவில் பிறந்த பிள்ளை. குரு ருத்ரராஜு சுப்பராஜு பாடுவார், இவர் அதை மாண்டலினில் பிடிப்பார். வாய்ப்பாட்டிலிருந்து விரலுக்கு நேராக இறங்கிய வித்தை. மாண்டலினில் மெட்டுகள் நெருக்கம், நாதம் உடனே செத்துவிடும், கமகம் நிற்காது என்றவர்களுக்கு மின் மாண்டலினின் கார்வையில் பதில் சொன்னார். 1983லேயே பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தவர் அவர். சக்தியின் கிடார்காரர் ஜான் மெக்லாஃப்லினின் வாசிப்பு அவருக்கு எதிரில்தான் அடங்கி, காத்திருந்து, கேட்டு நடந்தது. 2001இல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'யில் 'கிரிராஜ சுதா'வைக் கேளுங்கள். தியாகராஜரின் பங்காள ராகக் கீர்த்தனையைச் சங்கர் மகாதேவன் பாட, ஸ்ரீநிவாஸ் அலட்டாமல் கூடவே வருகிறார்.

அதே கீர்த்தனை 2023இல் வந்த 'திஸ் மொமென்ட்'டிலும் உண்டு. இப்போது மாண்டலின் இல்லை. கணேஷ் ராஜகோபாலனின் வயலின் தன் பாட்டை வாசிக்கிறதே ஒழிய, போனவரைப் போல வாசித்துக்காட்டவில்லை. அஞ்சலி என்றால் இதுதான். மறைந்தவரின் பிரபல உருப்படிகளை நட்சத்திரங்களைக் கூட்டி மறுபடி வாசிக்கும் ஆல்பங்கள் வியாபாரம்.

ஒரு ஆல்பத்தில் ஒரே ஒரு உருப்படி ஸ்ரீநிவாஸுக்குப் போதாது. கூட வாசித்த ஜாகிரும் 2024 டிசம்பர் 15 அன்று போய்விட்டார். சென்னை சபாக்களே, அடுத்த மார்கழியில் நினைவுரைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநிவாஸோடு மேடையில் உட்கார்ந்தவர்களைக் கூப்பிட்டு, புதிதாக ஒரு பல்லவி கட்டச் சொல்லி, அதற்குக் காசும் கொடுத்துப் பதிவுசெய்யுங்கள்.