கட்டையில் இல்லாத காந்தாரம்

திருவனந்தபுரத்தில் வயலினுக்கு இரண்டு விதமான மேடைகள். பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபம் ஒன்று. எண்ணெய் விளக்கு வெளிச்சம், தரையில் உட்கார்ந்த ரசிகர்கள், கைதட்டக் கூடாதென்ற கட்டுப்பாடு. முதல் நாள் சங்கராபரணம், நான்காம் நாள் தோடி, ஒன்பதாம் நாள் ஆரபி என்று சுவாதித் திருநாள் கிருதிகளுக்கு நாள் குறித்த ஒழுங்கு. அங்கே வயலின் பாடுகிறவரின் நிழலாக உட்கார்ந்திருக்கும். மற்றது கல்லூரி வளாகங்களிலும் திறந்தவெளி அரங்குகளிலும் திருவிழா மைதானங்களிலும் போடப்படும் மேடை. டிரம்ஸ், கீபோர்டு, கிடார், கூட்டத்தின் கூச்சல். இந்த இரண்டாவது மேடையின் நடுவில் வயலினைக் கொண்டுவந்து நிறுத்தியவர் பாலபாஸ்கர். 1978இல் இதே ஊரில் பிறந்தார். 2018 செப்டம்பர் 25 அன்று ஊருக்குத் திரும்பும் வழியில் பள்ளிப்புரத்தில் நடந்த கார் விபத்துக்குப் பின் ஒரு வாரம் கிடந்து, அக்டோபர் 2 அன்று நாற்பது வயதில் போய்விட்டார்.

அவரைப் பற்றி நான் படித்தவற்றில் பாதி இரங்கல், மீதி விபத்து வழக்குச் செய்தி. வாசிப்பைப் பற்றிப் பேசியது சொற்பம். ரசிகர்களுக்கு அவர் மந்திரவாதி. சபா வட்டாரத்துக்கு அவர் ‘ஃப்யூஷன்காரர்’, அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் மத்திய சங்கீத நாடக அகாடமி 2008இல் அவருக்கு உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்காரத்தை வயலினுக்காகத்தான் கொடுத்தது. அப்படியானால் தனி வயலின் கலைஞர் என்ற வகையில் அவரை எங்கே வைப்பது? வைப்பதற்குமுன் வில்லையும் விரலையும் பார்த்துவிட வேண்டும்.

பயிற்சியில் குறை சொல்ல இடமில்லை. தாய்மாமன் பி. சசிகுமார் திருவனந்தபுரம் வானொலி நிலையத்தின் வயலின் கலைஞராக இருந்தவர், ஊரறிந்த குரு. மூன்று வயதில் மருமகன் கையில் வயலினைக் கொடுத்துத் தொடங்கிவைத்தவர் அவர்தான். அதற்கு முந்தைய தலைமுறையில் தாத்தா பாஸ்கரப் பணிக்கர் நாகஸ்வர வித்வான். பன்னிரண்டாவது வயதில் பையன் மேடையேறினான். திருவனந்தபுரத்தில் வளரும் வயலின்காரனுக்கு இன்னொரு முதுசொமும் உண்டு. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு இங்கேதான் சுவாதித் திருநாளின் அவையில் இருந்தார். மன்னர் அவருக்கு 1834இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார் என்பது கச்சேரி உலகம் இன்றும் சொல்லிச் சொல்லிச் சலிக்காத செய்தி. மேற்கத்திய வாத்தியம் ஒன்றைத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் மலையாள மண்ணில் நிலைநிறுத்திய ஊர் இது. அதனால் பாலபாஸ்கர் எலக்ட்ரிக் வயலினை எடுத்தபோது ‘மரபு கெட்டது’ என்று முகம் சுளித்தவர்களிடம் ஒரு கேள்வி: வடிவேலுவின் கையில் இருந்தது எந்த ஊர் வாத்தியம்?

ஆக, வாத்தியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பாதை வேறு என்பதுதான் விஷயம். கர்நாடக வயலின்காரர் ஒருவர் தனிக் கச்சேரிக்கு வருமுன் பத்து, இருபது வருஷம் பக்கவாத்தியத்தில் ஊறுவார். பாடகர் எதிர்பாராமல் ஒரு சங்கதியைப் போட, அதை அந்தக் கணமே வாங்கித் திருப்பித் தரும் பயிற்சி அது. லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் மூவரும் அந்தப் பட்டறையில் அடிபட்டு வந்தவர்கள். பாலபாஸ்கரின் பெயர் பரவியது அந்த வழியில் இல்லை. பதினேழு வயதில் ‘மாங்கல்யப் பல்லக்கு’ படத்துக்கு இசையமைக்க அழைப்பு வந்தது. யூனிவர்சிட்டி கல்லூரியில் சமஸ்கிருதம் படித்த காலத்தில் நண்பர்களோடு ‘கன்ஃப்யூஷன்’ என்ற இசைக்குழு. ‘நினக்காய்’ ஆல்பத்தின் காதல் பாட்டுகள் கேரளக் கல்லூரிகளில் காட்டுத்தீயாய்ப் பரவின. அவருக்கு முதலில் வந்து சேர்ந்தவர்கள் பாட்டு கேட்பவர்கள். ராகம் கேட்பவர்கள் பின்னால் வந்தார்கள், அதுவும் கொஞ்சம் பேர்.

இனி நாதம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதிவுகளில் நான் கேட்டவரை, அவர் காலத்துத் தென்னிந்திய வயலின்காரர்களில் இவ்வளவு நீளமாகவும் இழை அறாமலும் வில் போட்டவர்கள் மிகச் சிலர். வில் திரும்பும் இடம் காதில் படுவதில்லை. பாட்டன் வீட்டு நாகஸ்வர மூச்சு பேரனின் வில்லுக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். (அப்படித் தோன்றுவதை நிரூபிக்க முடியாது, தோன்றுகிறது என்பதோடு விட்டுவிடுகிறேன்.) சினிமாப் பாட்டை வாசிக்கும்போது, பாடியவர் மூச்சு வாங்கிய அதே இடத்தில் வில்லை எடுப்பார். சொல் இல்லாத வாத்தியத்தில் கேட்பவர் மனத்துக்குள் சொல் ஓடுவது அதனால்தான். சபா வித்வான்கள் சினிமாப் பாட்டைத் தொட்டால் அதில் கமகத்தை அள்ளிக் கொட்டுவார்கள். பாவம், அந்தப் பாட்டு திணறும். இவர் பாட்டைப் பாட்டாகவே விட்டார். அது பெரிய அடக்கம்.

அந்த இனிமையே அவருடைய எல்லையாகவும் ஆனது. பெரும்பாலான வாசிப்பு ஒரே மனநிலையில் நின்றது: ஏக்கம். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் சிரிப்போடு, ஸ்வரத்தின் நுனியில் ஒரு நடுக்கம். மேற்கத்திய வயலின்காரர்கள் விரலை ஆட்டித் தரும் அந்த நடுக்கத்துக்கும் கமகத்துக்கும் தூரம் அதிகம். நடுக்கம் ஒரு ஸ்வரத்துக்கு மெருகு பூசும். கமகம் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரும் வழியையே ஸ்வரமாக்கும். முன்னது கூடக்கூடப் பின்னது குறையும். அவர் வாசிப்பில் குறைந்தது.

ஏன் குறைந்தது என்பதற்குக் காரணம் அவருடைய விரலில் இல்லை, நின்று வாசிக்கும் முறையிலும் சுற்றி இருந்த வாத்தியங்களிலும் இருந்தது. நம் வித்வான்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையை வலது கால் கணுவில் ஊன்றிக்கொள்கிறார்கள். வாத்தியத்தின் பாரம் காலுக்குப் போய்விடுகிறது. இடது கை கம்பி முழுக்கச் சறுக்கி ஏறி இறங்கச் சுதந்திரம் கிடைக்கிறது. நம் கமகம் பிறப்பதே அந்த உட்காரும் முறையில்தான். நின்றுகொண்டு, நடந்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்கும்போது பாரத்தின் ஒரு பங்கை இடது கையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஜாரு என்ற அந்தச் சறுக்கல் சுருங்கும். இது ஒரு பக்கம்.

மறுபக்கம் கீபோர்டு. தோடியின் காந்தாரம் நிற்கும் ஸ்வரம் கிடையாது. ரிஷபத்தைத் தொட்டு மத்தியமத்தை எட்டிப் பார்த்து அசைந்துகொண்டே இருப்பது. அதற்குக் கீபோர்டில் கட்டை இல்லை. பின்னால் ஒருவர் பல ஸ்வரங்களை ஒன்றாக அழுத்திக் கார்டு பிடித்துக்கொண்டிருக்கும்போது முன்னால் அந்தக் காந்தாரத்தை அசைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். முட்டாமல் இருக்க ஒரே வழி, மோகனம், ஹம்சத்வனி, கீரவாணி, சிவரஞ்சனி என்று கார்டுக்கு இணங்கும் ராகங்களுக்குள் நின்றுகொள்வது. தோடியும் பைரவியும் சாவேரியும் வாசலுக்கு வெளியே நிற்கும். குரு வீட்டில் கற்ற பாடத்தின் கனமான பாதி இப்படித்தான் மேடைக்கு வராமல் போனது. இது பாலபாஸ்கருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. தென்னிந்திய ஃப்யூஷன் குழுக்கள் பலவற்றின் கதை இதுதான்.

மாற்று வழி இருந்தது என்பதற்கு எழுபதுகளின் ‘சக்தி’ குழு சாட்சி. எல். சங்கரின் வயலினோடு ஜான் மெக்லாக்லின் உட்கார்ந்தபோது, கிடாரின் மெட்டுகளுக்கு இடையே பள்ளம் குடைந்து, கம்பியை வளைத்துக் கமகம் வாசிக்கத் தோதாகச் செய்துகொண்டார். ஜாகிர் உசேனின் தபலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் கணக்கை வைத்துக்கொண்டன. கார்டு பிடிக்க ஆளே இல்லை. அங்கே மேற்கு வளைந்து ராகத்துக்கு வந்தது. திருவனந்தபுரத்து இசைக்குழுவில் ராகம் வளைந்து கார்டுக்குப் போனது. மேலோட்டமாகக் கேட்டால் இரண்டும் ‘ஃப்யூஷன்’தான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு பெயர் உடனே நினைவுக்கு வரும்: குன்னக்குடி வைத்தியநாதன். சினிமாப் பாட்டை வயலினில் வாசித்து மைதானத்தை நிறைத்தவர், வலையப்பட்டியின் தவிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டவர், அதற்காகச் சபாக்காரர்களிடம் திட்டு வாங்கியவர். ஒப்பீடு பாதி பொருந்தும். அரியக்குடி, செம்மங்குடி போன்றவர்களுக்குப் பக்கம் வாசித்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் அதை நிறுத்திக்கொண்டு தனிக் கச்சேரிக்கு வந்தவர் குன்னக்குடி. வேடிக்கை காட்டிய நடுவிலேயே ஒரு ராகத்தைப் பிடித்து அரை மணி நேரம் உலுக்கிவிட அவரால் முடியும். நகைச்சுவையும் உண்டு. பாலபாஸ்கரிடம் நகைச்சுவை இல்லை, வித்தை காட்டும் ஆசையும் இல்லை. குன்னக்குடியிடம் இல்லாத நயம் இவரிடம் இருந்தது. அவரிடம் இருந்த முரட்டுக் கற்பனை இவரிடம் இல்லை. பொழுதுபோக்காகக் கேட்க இவர் போதும். மறுநாள் காலையிலும் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்க அவர்தான்.

இங்கே நிறுத்தியிருந்தால் தீர்ப்பு எளிது: அருமையான நாதம், பாதியில் நின்ற வித்வத். மட்டன்னூர் சங்கரன்குட்டியின் செண்டையோடு அவர் சேர்ந்து வாசித்தவற்றைக் கேட்ட பிறகு அந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டியிருந்தது. காரணம் எளிமையானது. செண்டைக்கு கார்டு தெரியாது. ஸ்வரமே தெரியாது, காலம் மட்டுமே தெரியும். செண்டைக் கச்சேரியான தாயம்பகையில் பதிகாலத்தில் அசைந்து கிளம்பி, படிப்படியாக ஏறி, கடைசியில் இரிகிடையில் வெடிக்கும் அந்த ஏற்றம் ஒரு கட்டுமானம். அதற்குப் பக்கத்தில் நின்றால் இனிமையை மட்டும் வைத்துக்கொண்டு தப்பிக்க முடியாது. வயலினும் எங்கிருந்தோ கிளம்பி எங்கேயோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். அங்கே பாலபாஸ்கர் வேறு ஆள். ராகத்தை அடியிலிருந்து எடுக்கிறார், அவசரப்படவில்லை. விரல் கம்பியில் சறுக்கத் தொடங்குகிறது, நடுக்கம் விலகிக் கமகம் உள்ளே வருகிறது. செண்டை ஒரு கணக்கை வீசினால் வில் அதை அறுத்து அறுத்துத் திருப்பிச் சொல்கிறது. பக்கவாத்தியப் பட்டறையில் கிடைத்திருக்க வேண்டிய அடியை அவர் திருவிழா மைதானத்தில் வாங்கிக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

செண்டையோடு வாசித்தபோது வெளிவந்த அந்த ஆள் உள்ளேதான் இருந்தார் என்றால், கீபோர்டு மேடைகளில் அவர் வராமல் போனதற்குப் பொறுப்பு யாருடையது? கூட்டத்தின் மேல் பழி போடுவது சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். மைதானத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து அவர் வாசித்த எதையும் கேட்கத் தயாராக இருந்த கூட்டம் அது. இருபது நிமிஷம் ஒரு கனமான ராகத்தை வாசித்திருந்தால் அவர்கள் எழுந்து போயிருக்க மாட்டார்கள். கேட்கும் உரிமையை அவர் சம்பாதித்துவிட்டிருந்தார். அதைச் செலவழிக்கத் தயங்கினார். இந்தத் தயக்கம்தான் நான் அவர்மேல் வைக்கும் ஒரே குற்றச்சாட்டு.

எனவே, லால்குடி வரிசையில் அவரை வைப்பதற்கில்லை. அந்த வரிசைக்கு வேண்டிய தானம், நிரவல், பல்லவி என்ற பெருங்கட்டுமானத்தை அவர் தம் மேடையின் மையமாக ஆக்கிக்கொள்ளவில்லை. எல். சங்கரின் வரிசையிலும் இல்லை. அங்கே ராகம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ‘ஃப்யூஷன்காரர்’ என்று கழித்துக்கட்டும் சபா வட்டாரத் தீர்ப்பு இதைவிடப் பெரிய பிழை. நாதத்தில் அவர் முதல் வரிசை. பாட்டு வாசிப்பதில் அவருக்கு இணையாக அவர் தலைமுறையில் நான் யாரையும் கேட்டதில்லை. ராகத்தில், நாற்பது வயதில், அப்போதுதான் தொடங்கியிருந்தார். கர்நாடக சங்கீதத்தில் நாற்பது வயது பலருக்கும் தொடக்கம்தான். சசிகுமார் மருமகனுக்குப் பின்னும் ஐந்து வருஷம் இருந்து, 2023இல் மறைந்தார்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் சினிமாப் பாட்டுகளிலிருந்து தொடங்க வேண்டாம். அவை எப்படியும் காதில் வந்து விழும். செண்டையோடு வாசித்த ஒரு பதிவை எடுத்து, செண்டை நுழைவதற்கு முந்தைய சில நிமிஷங்களை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். தாளமும் கார்டும் இல்லாமல் அவர் தனியாக இருக்கும் இடம் அது.