அலாவுதீனின் தாய் எங்கே?

சிறுவர்க்கான சித்திரப் படங்களைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டிலே எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நாவலையும் சிறுகதையையும் வரிவரியாக ஆராயும் நாம், நம் வீட்டு மண்டபத்திலே நம் பிள்ளைகள் நாள்தோறும் கண்டு களிக்கும் ஒரு கலையை விமர்சனத்துக்குரியதென எண்ணுவதில்லை. நம் மொழியில் ஒரு நாவல் சில ஆயிரம் பேரைச் சென்றடைந்தால் அதனைப் பெருவெற்றி என்கிறோம். ஒரு சித்திரப் படத்தையோ உலகெங்குமுள்ள கோடிக்கணக்கான பிள்ளைகள் ஒரு முறைக்குப் பத்து முறை பார்க்கின்றனர். செல்வம் எப்படி வருகிறது, அழகு எது, அந்நியன் யார் என்பன பற்றிப் பிள்ளை முதன்முதலிற் பெறும் எண்ணங்களிற் பல அங்கிருந்தே வருகின்றன. இத்தகைய கலையை விமர்சகன் கவனியாது விடுதல் முறையாகாது.

இவ்விடயத்தில் நம்மவரிடையே இருவகை மனப்பான்மைகளைக் காண்கிறோம். ‘கார்ட்டூன் பார்த்தாற் பிள்ளை கெட்டுவிடும்’ என்று தொலைக்காட்சியை மூடிவிடுவோர் ஒரு சாரார். வேலை முடியும்வரை பிள்ளையை அதன் முன்னே இருத்திவிட்டு அப்பாற் செல்வோர் மற்றொரு சாரார். பின்னவரை எளிதிற் குறைகூறிவிட முடியாது. விடியுமுன் அடுப்படி, பின்னர் தையல் யந்திரம், மீண்டும் அடுப்படி என்று உழலும் தாய்க்கு அந்த ஒன்றரை மணிநேரம் பெரிய உதவி. ஆயினும் இரு சாராரும் ஒன்றில் ஒத்துப்போகின்றனர். படத்தினுள்ளே இருப்பது என்னவென்று இருவரும் பார்ப்பதில்லை. பிள்ளையோடு கூடியிருந்து, சிரித்து, பேசிக்கொண்டே பார்ப்பது என்ற மூன்றாவது வழியும் உண்டு. அவ்வழியிற் சென்றபோது எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

விடுமுறை நாள் ஒன்றிலே, கல்முனைக் கரையோரத்து நம் வீட்டில், பிள்ளைகளோடு ‘அலாவுதீன்’ படத்தைப் பார்த்தோம். ஜோன் மஸ்கரும் ரொன் கிளெமென்ட்ஸும் இயக்கி, வோல்ட் டிஸ்னி நிறுவனம் 1992 இல் வெளியிட்ட படம் அது. படம் ஆங்கிலத்தில் ஓடியது. பிள்ளைகளுக்கு அம்மொழி போதாமையால் நாம் பக்கத்திலிருந்து தமிழாக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர்களுடைய மூத்தம்மாவும் கூட இருந்தார். அலாவுதீன் கதையைச் சிறுவயதிற் கேட்டு வளர்ந்தவர் அவர். படம் பாதியைக் கடந்தபோது அவர் கேட்டார்: “இந்தப் பொடியன்ட உம்மா எங்க?”

நம்மிடம் விடை இல்லை. படத்திலே தாய் இல்லை.

இக்கதையின் வரலாறு அறியத்தக்கது. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ என்ற பழைய அரபுத் தொகுதியில் அலாவுதீன் கதை இருந்ததற்குச் சான்றில்லை. சிரியாவின் ஹலப் நகரிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஹன்னா தியாப் என்னும் இளைஞர் 1709 இல் அந்துவான் கலாண் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு இதனைச் சொன்னார். கலாண் அதனைத் தம் மொழிபெயர்ப்புத் தொகுதியிலே சேர்த்து 1712 இல் வெளியிட்டார். அக்கதை நிகழுமிடம் சீனம். அலாவுதீன் ஓர் ஏழைத் தையற்காரனின் மகன். தந்தை இறந்தபின் தாய் கடையை விற்றுவிட்டுப் பஞ்சு நூற்று மகனுக்குச் சோறிடுகிறாள். குகையிலிருந்து வந்த பழைய விளக்கை விற்று உணவு வாங்கலாமென எண்ணி, அதனை மண்ணிட்டுத் தேய்த்து விளக்குபவளும் அவளே. அப்போதுதான் பூதம் தோன்றுகிறது. மகனுக்குப் பெண் கேட்கச் சுல்தானின் சபையிலே நாட்கணக்கிற் காத்து நிற்பவளும் அந்தக் கைம்பெண்ணே. சுருங்கக் கூறின், கதையின் பாதிச் சுமை அவள் தோளில் இருக்கிறது.

திரைப்படத்துக்கென முதலில் எழுதப்பட்ட கதையிலும் தாய் இருந்தாள். அவளை நினைந்து மகன் பாடுவதாக ஹவார்ட் ஆஷ்மன் ஒரு பாட்டெழுத, அலன் மென்கன் அதற்கு இசையமைத்திருந்தார். கதையைத் திருத்தியமைத்தபோது தாயும் அவளோடு அப்பாட்டும் நீக்கப்பட்டன. இளவரசிக்கும் படத்திலே தாய் இல்லை.

இதனை ஒரு பாத்திரம் குறைந்ததாக மாத்திரம் கொள்ளலாகாது. தாயோடு தையலும் நூற்பும் போய்விட்டன. கதாநாயகன் வேர் இல்லாத தனியனாகிறான். ரொட்டி திருடி ஓடுகிறான். திருடிய ரொட்டியைப் பசித்த இரு குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுகிறான் என்பது உண்மையே. அக்காட்சி நம் பிள்ளைகளின் நெஞ்சைத் தொட்டது. ஆனால், அந்நகரில் வறுமை ஏன் வந்தது, உழைப்பவர் யார், உண்பவர் யார் என்ற வினாக்களுக்குப் படத்தில் இடமில்லை. ஒருவன் மாளிகைக்கு ஏறிப்போகிறான். தெருவிலே நின்ற அவ்விரு குழந்தைகளும் இறுதிவரை தெருவிலேயே நிற்கின்றனர். மருதமுனையிலே தறியின் அருகே பிறந்து, தாயும் ராத்தாவும் நூல் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பஞ்சு நூற்ற ஒரு தாயின் கதை எத்துணை அணுக்கமாயிருந்திருக்கும்! தன் வீட்டை ஒரு பெருங்கதையினுள்ளே காணும் வாய்ப்பை அப்பிள்ளை இழந்துவிட்டது.

படத்தின் நிறைகளை மறைப்பது நேர்மையாகாது. பழங்கதையில் விளக்கின் பூதம் கடைசிவரை அடிமையே. அதன் விடுதலையைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. படத்திலோ அலாவுதீன் தன் மூன்றாவது வரத்தைப் பூதத்தின் விடுதலைக்கு ஈந்துவிடுகிறான். யாரை மணப்பதென்பதைத் தானே முடிவுசெய்வேன் என்று இளவரசி வாதாடுகிறாள். இவ்விரண்டும் பழங்கதையினும் முன்னேறிய கருத்துக்கள். பூதத்துக்குக் குரல் கொடுத்த ரொபின் வில்லியம்ஸின் நகைச்சுவை மொழி எல்லையைத் தாண்டி நம் வீட்டைக் குலுங்கச் செய்தது. சிரிப்பை இழந்து பெறும் அறிவு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

ஆயினும் அச்சிரிப்பின் நடுவே ஒன்றைக் கவனித்தோம். நல்லவர்களான அலாவுதீனும் இளவரசியும் அமெரிக்க நாவினால் ஆங்கிலம் பேசுகின்றனர். சந்தை வணிகரும் வாளேந்திய காவலரும் வளைந்த மூக்கும் அரபு வாடையடிக்கும் பேச்சுமாக வருகின்றனர். படத்தின் தொடக்கப் பாட்டிலே, முகம் பிடிக்காவிட்டாற் காதை அறுக்கும் நாடு என்ற பொருளில் ஓர் அடி இருந்தது. அமெரிக்க அரபு மக்களின் அமைப்பு கண்டனம் எழுப்பியதன் பேரில் 1993 இல் வீட்டுப் பிரதிகளிலே அந்த அடி மாற்றப்பட்டது; அந்நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானதென்னும் சொல்லோ அப்படியே நின்றது. கதை நிகழும் நகராக முதலிற் கருதப்பட்டது பக்தாத். 1991 இல் வளைகுடாப் போர் மூண்டு அந்நகரின் மேல் அமெரிக்கக் குண்டுகள் விழுந்தபின் ‘அக்ரபா’ என்றொரு கற்பனைப் பெயர் சூட்டப்பட்டது. மெய்யான பக்தாத் குண்டுகளுக்கு இலக்காக, கனவு நகரம் திரையிலே மின்னியது. பாங்கொலி கேட்டு எழும் ஓர் ஊரிலே, தன் பெயரையே உடைய கதாநாயகனைக் கண்டு மகிழும் பிள்ளை, தன் பாட்டனாரைப் போன்ற முகமெல்லாம் வில்லன் முகமாயிருப்பதை அறியாமலே உள்வாங்கிக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவர் பேசவேண்டிய இடம் இது.

தாயின் உழைப்பை மறைத்த திரை தன்னை ஆக்கியோரின் உழைப்பையும் மறைக்கவே செய்கிறது. திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. இழை இழையாகப் புடைவை வளர்வதுபோலச் சட்டம் சட்டமாகப் படம் வளர்கிறது. நெசவாளிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1937 இல் வந்த ‘ஸ்னோ வைட்’ படத்துக்கு மை இழுத்தவரும் வர்ணம் பூசியவரும் பெரும்பாலும் குறைந்த ஊதியம் பெற்ற இளம் பெண்களே. 1941 மே மாதத்தில் டிஸ்னியின் சித்திரக்காரர்கள் தம் சங்கத்தை ஏற்கவேண்டுமெனக் கோரி வேலைநிறுத்தம் செய்து பல வாரம் வாயிலிலே நின்றனர். இறுதியிற் சங்கம் ஏற்கப்பட்டது. வாரிசு வாரிசாக ஒருவர் பெயரை மட்டும் உச்சரிக்கும் உலகுக்கு, அப்பெயரின் பின்னே ஆயிரம் கைகள் இருந்தன என்பதையும் பிள்ளைகள் சொல்லக் கற்கட்டும்.

கலை மாறாதிருப்பதில்லை, கண்டனமும் போராட்டமும் அதனை மாற்றுகின்றன. ‘அலாவுதீனை’ இயக்கிய அதே இருவர் 2016 இல் ‘மோவானா’ என்ற படத்தைத் தந்தனர். பசுபிக் தீவுகளின் கதையைச் சொல்ல அத்தீவுகளின் அறிஞர்களையும் கலைஞர்களையும் ஆலோசகராகக் கொண்டனர். அதிலே தாய் உண்டு; கடற்கரையில் ஆடும் மூதாட்டி உண்டு; மீனும் தென்னையும் வள்ளமும் உண்டு. நம் பிள்ளைகள் அதனைத் தம்மூர்க் கதைபோலவே பார்த்தனர். கடல் எழுந்து சுவராக நிற்கும் காட்சி வந்தபோது மூத்தம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 2004 டிசம்பர் 26 இல் இக்கரையோரத்தைக் கடல் விழுங்கியதைக் கண்ட கண்கள் அவை. பிள்ளைகள் காரணம் கேட்டனர். அன்றிரவு படம் பாதியில் நிற்க, அவர் தம் கதையைச் சொன்னார். கடலைத் தோழியாகக் காட்டும் கதையும், கடல் கொண்டுபோனவர்களின் கதையும் ஒரே அறையில் அருகருகே இருந்தன. பிள்ளைகள் இரண்டையும் நம்பினர்.

அவர் அதனைச் சொன்ன மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்க் குரலோடு வரும் சித்திரப் படங்கள் இன்று இல்லாமலில்லை. 2019 இல் வந்த ‘லயன் கிங்’ படத்துக்குச் சித்தார்த்தும் அரவிந்த் சுவாமியும், அவ்வாண்டே வந்த ‘ஃப்ரோசன் 2’ படத்துக்குச் சுருதி ஹாசனும் தமிழிற் குரல் தந்தனர். அவை திறம்படச் செய்யப்பட்டவையே. ஆயினும் அவற்றின் பேச்சு தமிழகத்தின் பேச்சு. சென்னைத் தெருவின் தமிழும் உழைக்கும் மக்களின் தமிழே. அதன்மேல் நமக்கு வெறுப்பில்லை. ஆனால், ‘வாப்பா’ என்றும் ‘காக்கா’ என்றும் ‘மூத்தம்மா’ என்றும் எந்தச் சித்திரப் பாத்திரமும் இதுவரை நம் பிள்ளைகளை நோக்கி அழைத்ததில்லை. வீட்டு மொழி விளையாட்டுக்கு உதவாதென்று பிள்ளை தானாகவே முடிவுசெய்துகொள்கிறது.

இது இயலாத காரியமா? 1982 இல் ரூபவாஹினி தொடங்கிய பின், டைட்டஸ் தொட்டவத்த என்ற கலைஞர் அந்நியச் சித்திரத் தொடர்களைச் சிங்களத்திலே புதிதாய்ப் பிறப்பித்தார். அமெரிக்க முயலொன்று அவர் கையிலே ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆகிச் சிங்களப் பிள்ளையின் சொந்த முயலாயிற்று. சிங்களம் நன்கறியாத நாமும் சிறுவயதில் அதைப் பார்த்துச் சிரித்தோம். ‘மோவானா’ படம் 2017 இல் நியூசிலாந்தின் மாவோரி மொழியிற் பேசியது. 2022 இல் ‘லயன் கிங்’கும் ‘ஃப்ரோசன்’னும் அவ்வாறே அம்மொழிக்குச் சென்றன. பள்ளிக்கூடங்களில் ஒருகாலத்தில் அடித்து ஒடுக்கப்பட்ட மொழி அது. மக்கள் கேட்டனர், உழைத்தனர், பெற்றனர்.

மக்களின் பேச்சுமொழி இலக்கியத்துக்கு ஏற்றதா என்ற வாதம் 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டிலே கடுமையாக நடந்தது. ஏற்றதே என்பதை முற்போக்கு எழுத்தாளர் தம் படைப்புக்களால் நிலைநாட்டினர். அவ்வெற்றியின் பயன் சிறுவரின் திரைக்கு இன்னும் வந்து சேரவில்லை. கதைப் பஞ்சமும் நமக்கில்லை. சித்திலெவ்வை 1885 இல் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’, ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனப் போற்றப்படுவது, எகிப்துக்கும் இந்தியாவுக்குமாக விரியும் ஒரு சிறுவனின் சாகசக் கதை. சித்திரப் படத்துக்கென்றே எழுதப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும்.

பெரும் பணமின்றிப் படம் எடுக்கவியலாது என்பர். அது உண்மை. ஆயின், ஒரு வகுப்பிலே ஐந்து நிமிடக் காட்சியொன்றின் ஒலியை அடக்கிவிட்டு, மாணவரே தம் ஊர்த் தமிழில் அதற்கு உரையாடல் எழுதிப் பேசச் செய்வதற்குப் பணம் வேண்டியதில்லை. விடுபட்ட பாத்திரத்தை எழுதிச் சேர்க்கும்படி கட்டுரைப் பாடத்திலே கேட்பதற்கும் பணம் வேண்டியதில்லை. நம் வகுப்பில் இதனைச் செய்து பார்த்தோம். எட்டாந்தர மாணவி ஒருத்தி அலாவுதீனின் தாயைத் தறிக்கு நூல் சுற்றுபவளாக எழுதினாள். மாளிகைக்கு வரும்படி மகன் அழைக்கிறான். கையிலிருக்கும் நூலை முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு வருவதாகத் தாய் சொல்கிறாள்.

அவ்வுரையாடலை வீட்டிலே வாசித்துக் காட்டினோம். மூத்தம்மா கேட்டுவிட்டு, “இவதான் அவன்ட உம்மா” என்றார்.