கான்சாகிபு: ஏடும் பாட்டும்

கோடைக்கானலுக்கு ஏறுவோர் பலர் வத்தலக்குண்டைக் கடந்தே மலைப்பாதையைத் தொடுகின்றனர். பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள இவ்வூர்க் கோட்டைக்காக 1760ஆம் ஆண்டில் கடும்போர் நிகழ்ந்தது. ஹைதர் அலி வசமிருந்த திண்டுக்கல்லிலிருந்து வந்தது மைசூர்ப்படை. எதிர்த்து நின்றவர் மதுரையை ஆண்ட முஹம்மது யூசுப்கான். மக்கள் நாவில் அவர் கான்சாகிபு.

இப்பெருமகனாரைப் பற்றிய இரு நூல்களை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, எஸ். ஸி. ஹில் 1914இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வரலாறு. மற்றது, நா. வானமாமலை பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல்.

ஹில்லின் உழைப்பு பெரிது. கும்பினியாரின் கடிதங்களையும் ஆலோசனைக் குறிப்புகளையும் துருவி, இராமநாதபுரச் சீமைப் பனையூரில் பிறந்த ஒருவர் சிப்பாய்கள் அனைவர்க்கும் தளபதியாக உயர்ந்த வரலாற்றை அவர் எழுதியிருக்கிறார். ஆயினும் ‘கலகத் தளபதி’ என்று நூலுக்குப் பெயரிட்டபோதே தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. கலகம் யாருக்கு எதிராக என்பதன்றோ முதல் வினா?

1756இல் கும்பினியார் அவரைத் தெற்கே அனுப்பியது பாளையக்காரரை அடக்க. 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்க் குத்தகைக்கு விட்டனர். அவரோ ஏரிகளைச் செப்பனிட்டார். நெசவாளர்க்குக் கடன் கொடுத்தார். மீனாட்சியம்மன் கோயிலின் பறிபோன நிலங்களை மீட்டளித்தார். பின்னர், ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி, இவர் தம் ஊழியரே என வாதிட, கும்பினியார் அதற்கு இணங்கினர். பிக்ஹு நூல்களில் வகீலுக்கு ஒரு சட்டம், கூலிக்கு அமர்ந்த அஜீருக்கு ஒரு சட்டம், குத்தகைதாரருக்கு வேறொன்று. ஒரே மனிதரை மூன்றுமாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டிய சட்டத்தை எடுத்தார்கள். ஹில் இவ்விடத்தில் இன்னும் சற்று நின்றிருக்கலாம்.

கதைப்பாடலுக்கு இச்சிக்கல் பொருட்டன்று. அதன் உயிர் போரில் இருக்கிறது. அந்தப் போரை அது கேட்போர் நெஞ்சில் நிறுத்திவிடுகிறது. ஏரிக்கரையும் தறியும் அங்கே பின்னுக்குப் போய்விடுகின்றன.

நம்மவர் மேடைகளும் குறையற்றவை அல்ல. அவரைச் சன்மார்க்க வீரர் என்பார் ஒருவர். விடுதலை வீரர் என்பார் மற்றொருவர். அவர் எதிர்த்தவருள் மஹ்பூஸ்கானும் உண்டு, ஹைதரின் படையும் உண்டு, பூலித்தேவரும் உண்டு. சென்னையை முற்றுகையிட்ட பிரெஞ்சுக்காரரைக் கும்பினிக்காக அலைக்கழித்ததும் அவரே. இவற்றை மறைத்துப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அந்நியர் ஒரு நாட்டவனுக்குப் படைப்பயிற்சியும் ஆட்சிப் பொறுப்பும் அளித்துத் தம் காரியத்தை நடத்திக்கொள்வது பழைய முறை. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா இருபது ஆண்டுகள் வளர்த்த படை 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது கரைந்து போயிற்று. மதுரையில் நடந்ததோ நேர் எதிர். வளர்க்கப்பட்டவர் சொந்தக் காலில் நின்றுவிட்டார், அதுவே குற்றமாயிற்று. முதல் முற்றுகை தோற்றது. 1764இல் நெருங்கிய சிலரே பிடித்துக் கொடுக்க, அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

ஏரியையும் தறிக்கடனையும் முதல் அத்தியாயமாகக் கொண்டு தமிழில் ஒருவர் எழுத முன்வருவாராயின், வேண்டிய செய்திகள் ஹில்லின் பக்கங்களிலேயே சிதறிக் கிடக்கின்றன.